முன்னாள் கௌரவ

அழைப்பிதழில் அப்படித்தான் இருந்தது:
முன்னாள் கௌரவ அமைச்சர்.
முன்னாள் எதைப் பிடித்துத் தொங்குகிறது,
அமைச்சரையா, கௌரவத்தையா
என்று ஷிஃபானா கேட்டாள்.
மைக் மூடியிருந்ததால் சிரித்தோம்.

காலிமுகத் திடலைப் பார்த்த ஹோட்டல்.
மண்டபத்தின் பின்மூலையில் எங்கள் கண்ணாடிக் கூண்டு:
இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
ஆட மறுக்கும் மேசை விசிறி.
மேடையில் அவருக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஒரு கதிரை,
தேர்தலில் போனதைவிடப் பெரிது.
காப்புறுதி முகவர்களின் விருது விழா.
தமிழுக்குப் பன்னிரண்டு ஹெட்செட் எடுத்திருந்தார்கள்,
மாட்டிக்கொண்டது நாலு பேர்.

தலைப்பு: நெருக்கடியில் தலைமைத்துவம்.
நாற்பது நிமிடம்.
லிஃப்ட்டில் கணக்காளர் முணுமுணுத்த தொகையை
நிகழ்ச்சிநிரலின் முதுகில்
ஷிஃபானா நாற்பதால் பிரித்துப் பார்த்தாள்.
அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினால்
கொட்டாஞ்சேனையில் என் அரைமாத வாடகை.
அவருக்கு மேடை ஏறுமுன்பே காசு.
எங்களுக்கு அறுபதாம் நாள் செக்,
பற்றுச்சீட்டு மூன்று பிரதி.

எங்கள் தொழிலில் முதல் விதி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது.
அவர் நான் என்றால் நீயும் நான்.
ஆகவே
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
நான் சொன்னேன்:
அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை.
எல்லோரும் கைவிட்டபோது நான் தனியே முடிவெடுத்தேன்.
தலைவன் முதலில் காது கொடுக்கப் பழகவேண்டும்.
குரல் இடறவில்லை.
நாலு பேரில் ஒருவர்
யார் இந்தப் பிள்ளை என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த இரவுகளில்
நானும் தூங்கவில்லைத்தான்.
மட்டக்குளியில், என் வெற்றுச் சிலிண்டரை
முன்னால் நின்றவரின் சிலிண்டரோடு சங்கிலியால் கட்டி
அதன்மேல் குந்தியிருந்தேன்.
யாரோ ஃபோனில் ரேடியோ வைத்தார்கள்.
அமைச்சர் இப்போது பேசுவார் என்றது.
ஒரு பழைய பாட்டுப் போட்டது.
இன்னும் சற்று நேரத்தில் பேசுவார் என்றது.
ஒரு வசனம் போதுமாயிருந்தது எங்களுக்கு,
லொறி வரும், அல்லது வராது.
அதற்கு அப்போது விலை கிடையாது.
அதனால்தான் வரவில்லையோ என்னவோ.

கேள்வி நேரம்.
அட்டன் கிளை, சந்தனம் என்று ஒருவர்,
இரவல் கோட், தோள் இரண்டு விரல் கூட.
மைக்கை இரு கையாலும் பிடித்தார்.
"ஐயா, நான் லைன்ல மூணு நாள் நின்னேன்.
நீங்க எங்க இருந்தீங்க?"

ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது ஷிஃபானாவின் முறை.
நான் கையை நீட்டினேன்.
அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு
மைக்கை என் பக்கம் தள்ளினாள்.

நான் மூன்று நாள் நின்றேன், என்றேன்.
நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
விதிப்படிதான்.

அவர் ஹெட்செட்டைத் தட்டிப் பார்த்தார்.
பிறகு தலைகளுக்கு மேலாக
எங்கள் கண்ணாடியைப் பார்த்தார்.
அருமையான கேள்வி, என்றார்.
அருமையான கேள்வி, என்றேன்
சந்தனத்தின் காதுக்குள்.
அதற்குள் அறிவிப்பாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.
நாற்பத்தோராவது நிமிடம் ஒப்பந்தத்தில் இல்லை.
கைதட்டலை நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை.

பத்தரை மணி. கொள்ளுப்பிட்டிச் சந்தியில்
மூடப்போகும் சாப்பாட்டுக் கடை.
பல்லிடுக்கில் இன்னும் அந்தச் சொல்.
என்ன வேணும் என்றான் கல்லாவில் இருந்தவன்.
"நான்…" என்று தொடங்கினேன்,
மேலே போக ஒன்றும் வரவில்லை.

"நான் முடிஞ்சுது மிஸ்," என்றான்,
"பராட்டா இருக்கு."

நாலு கட்டச் சொன்னோம்.
காசை ஷிஃபானா கொடுத்தாள்,
செக் வந்ததும் தருவேன் என்றேன்.